0.8 நொடியில் போன வேலை

ஸ்கேல் பிடிக்கிற சோதனையை ஸ்கூல்ல செஞ்சிருப்பீங்க. நண்பர் மேலேருந்து விடுவார், நாம விரலால பிடிக்கணும். 20 சென்டிமீட்டர் விழுந்ததும் பிடிச்சா, நாம எடுத்துக்கிட்டது சுமார் 0.2 நொடி.

இந்த மாதிரி ஒரு தாமதத்தால ஒருத்தர் வேலையே போயிருக்கு. 1796, இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகம். கடிகாரத்தின் டிக் டிக் சத்தத்தைக் காதால எண்ணிக்கிட்டே, தொலைநோக்கியில இருக்கிற கம்பியை நட்சத்திரம் எப்போ கடக்குதுன்னு குறிக்கணும். உதவியாளர் டேவிட் கின்னப்ரூக் குறிச்ச நேரம், தலைவர் நெவில் மஸ்கலின் குறிச்சதைவிட 0.8 நொடி பிந்தியிருந்தது. இவர் பார்க்கிற முறையே தப்புன்னு மஸ்கலின் அவரை வேலையை விட்டு அனுப்பிட்டார்.

பல வருஷம் கழிச்சு, ஜெர்மன் வானியலாளர் பெஸ்ஸல் இந்தச் சம்பவத்தைப் படிச்சார். தேர்ந்த வானியலாளர்களோட தன்னையே ஒப்பிட்டுப் பார்த்தார். அவங்களுக்குள்ளயும் வித்தியாசம்! ஆளுக்கு ஆள் மாறுற இந்த அளவுக்கு ‘தனிநபர் சமன்பாடு’ன்னு பேர் வந்தது. கின்னப்ரூக் அதுக்கு முன்னாடியே, 1802-ல இறந்துட்டார்.

எனக்கு உறுத்துறது ஒண்ணுதான். மஸ்கலின் எவ்வளவு முந்துறார்னு அன்னைக்கு யாருமே கேட்கல. தலைவரே அளவுகோல் ஆயிட்டா, பிழை எப்பவும் உதவியாளர் பேர்லதான் விழும்.