ஒரு சிறு கல்லூரியும் ஒரு பல்கலைக்கழகமும்

திருநெல்வேலியிலிருந்து தென்காசி செல்லும் வழியில், அபிசேகப்பட்டியில் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. 1990-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் தமிழக அரசு இதனைத் தோற்றுவித்தது. ஆயினும், ஒரு பல்கலைக்கழகம் சட்டம் இயற்றப்படும் நாளில்தான் பிறக்கிறதா?

விடை தேட நூறாண்டுகளுக்கும் மேல் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1877-இல் நெல்லையில் இயங்கிவந்த ஆங்கிலத் தமிழ்ப் பள்ளிக்கு ஓர் இளைஞர் தலைமையேற்றார். 1855-இல் ஆலப்புழையில் பிறந்த பெ. சுந்தரம் பிள்ளை அவர். அப்போது அவருக்கு வயது 22. மறு ஆண்டே அப்பள்ளி கல்லூரியாக உயர்ந்தது. இன்றைய மதுரை திரவியம் தாயுமானவர் இந்துக் கல்லூரி அதுவே. அதன் பள்ளிப் பிரிவில்தான் பின்னாளில் பாரதியார் பயின்றார்.

சுந்தரனார் பின்னர் திருவனந்தபுரம் திரும்பித் தத்துவப் பேராசிரியரானார். 1891-இல் மனோன்மணீயம் நாடகத்தை வெளியிட்டார். தமிழ்த்தாய் வாழ்த்தைத் தந்த கவிஞராக அவரை நாம் நன்கறிவோம். ஆராய்ச்சியாளராக அவரை அறிந்தவர் சிலரே. திருஞானசம்பந்தர் 13-ஆம் நூற்றாண்டினர் என்பது கால்டுவெல் ஆயரின் கருத்து. இடையன்குடியில் வாழ்ந்து தமிழுக்குப் பெருந்தொண்டாற்றிய அவ்வறிஞரின் சொல்லுக்கு அன்று எதிர்ச்சொல் அரிது. சுந்தரனாரோ சான்றுகளைத் திரட்டினார். சம்பந்தர் 7-ஆம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவர் அல்லர் என நிறுவினார். அம்முடிவே இன்றும் நிற்கிறது. பெரியவர் மீது கொண்ட மதிப்புக் குறையாமலே அவர் கருத்தைச் சான்று கொண்டு திருத்துவதுதான் ஆராய்ச்சி. பெரிய ஆய்வுக்கூடங்கள் ஏதுமற்ற நாளில், தனியொரு ஆசிரியர் அதனைச் செய்து காட்டினார்.

பாணதீர்த்தத்தில் வீழும் பொருநை, மணிமுத்தாறும் கடனாநதியும் சிற்றாறும் வந்து சேர்வதாலன்றோ வற்றாத ஆறாகிறது? இப்பல்கலைக்கழகத்திற்கும் கிளையாறுகள் உண்டு. இங்கிலாந்துத் திருச்சபைத் தொண்டர்கள் பாளையங்கோட்டையில் தூய யோவான் கல்லூரியை வளர்த்தனர். 1895-இல் சாராள் தக்கர் கல்லூரி பெண்களுக்கு உயர்கல்வியின் கதவைத் திறந்தது. 1923-இல் இயேசு சபையார் தூய சவேரியார் கல்லூரியை நிறுவினர். 1948-இல் தூத்துக்குடியில் தூய மரியன்னை கல்லூரி எழுந்தது. இக்கல்லூரிகள் முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடும், 1966-க்குப் பின் மதுரைப் பல்கலைக்கழகத்தோடும் இணைந்திருந்தன. தென்கோடி மாவட்டங்களுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்னும் நெடுநாள் ஏக்கம் 1990-இல் நிறைவேறியபோது, அதற்கு வேண்டிய ஆசிரியரும் மாணவரும் இக்கல்லூரிகளில் ஏற்கெனவே இருந்தனர். விதைத்தவர் பலர், அறுவடை ஒன்று.

ஆய்வும் மண்ணையொட்டியே பரவியது. மலையடிவாரத்தில், ஆழ்வார்குறிச்சியில், சுற்றுச்சூழல் அறிவியல் மையமும், குமரிக் கடலோரத்தில், இராஜாக்கமங்கலத்தில், கடல்சார் அறிவியல் மையமும் பல்கலைக்கழகத்தின் அங்கங்களாயின. சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையோ, ஏட்டிலேறாத எளிய மக்களின் கதையையும் பாட்டையும் கல்விக்குரிய பொருளாக்கியது.

ஆயினும் வளர்ச்சிக்குள் ஓர் இடர் ஒளிந்திருக்கிறது. இணைந்த கல்லூரிகள் பெருகப் பெருக, தேர்வு நடத்துவதும் விடைத்தாள் திருத்துவதும் பட்டம் வழங்குவதுமே ஒரு பல்கலைக்கழகத்தின் முழுப் பணியாகிவிடக்கூடும். அப்போது கட்டடம் உயரும்; கேள்வி தேயும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறும் பிள்ளைக்குப் பட்டம் பிழைப்பின் வாயில் என்பதை மறுப்பதற்கில்லை. பீடி சுற்றியும் வலை வீசியும் மகளைப் படிக்கவைக்கும் பெற்றோர் வேலையை எதிர்பார்ப்பதில் குற்றமும் இல்லை. ஆனால் அந்த மகளுக்குள்ளும் ஒரு சுந்தரனார் இருக்கலாம். வேலைக்குரிய தகுதியோடு, கேட்கும் துணிவையும் தேடும் பொறுமையையும் அவளுக்குத் தருவது கல்லூரியின் கடன்.

அக்கடனில் நமக்கும் பங்குண்டு. மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம், "எத்தனை மதிப்பெண்?" என்று நாம் தவறாமல் கேட்கிறோம். "இன்று உன் ஆசிரியரிடம் என்ன கேள்வி கேட்டாய்?" என்று ஒருநாளேனும் கேட்டிருக்கிறோமா?