சிதறிய ஆதாம், பதறாத கைகள்

"பதறாத காரியம் சிதறாது" என்பார்கள் நம் பெரியவர்கள். சிதறியே போன ஒன்றை, பதறாமல் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்து சேர்த்த கதை இது.

2002-ஆம் ஆண்டு அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். ஆளரவமற்ற கூடத்தில் ஒரு பளிங்குச் சிலை தடாலென்று தரையில் விழுந்தது. யாரும் தள்ளவில்லை. 1972-இல் வாட்டிகனில் மைக்கேலாஞ்சலோவின் 'பியட்டா' சிலையைச் சுத்தியலால் அடித்தானே ஒருவன், அந்த மாதிரி ஆசாமியும் வரவில்லை. சிலையைத் தாங்கிய பிளைவுட் பீடம் இற்றுச் சரிந்தது. அவ்வளவுதான்!

லேசுப்பட்ட சிலையா அது? வெனிஸ் நகரச் சிற்பி துல்லியோ லொம்பார்தோ 1490-களின் தொடக்கத்தில் செதுக்கிய ஆதாம். வெனிஸ் குடியரசை ஆண்ட அந்திரேயா வெண்ட்ரமினின் கல்லறை மாடத்துக்காகச் செய்தது. ஆறடிக்கு மேல் உயரம். 1936-இல் நியூயார்க் வந்து சேர்ந்தது. ஐந்து நூற்றாண்டு தாங்கிய கல், ஒரே மாலையில் 28 பெரிய துண்டுகளும் நூற்றுக்கணக்கான சில்லுகளுமாகப் போயிற்று.

"பசை போட்டு ஒட்டிட்டாப் போச்சு" என்று நமக்குத் தோன்றும். அவர்களும் இரண்டு வருடத்தில் முடியும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால் அவசரப்படவில்லை. எந்தத் துண்டு எங்கே விழுந்தது என்று முதலில் படம் எடுத்தார்கள். பிறகுதான் பொறுக்கினார்கள். ஒவ்வொரு பெரிய துண்டையும் லேசர் கதிரால் அளந்து, கம்ப்யூட்டரில் முழு உருவமாகச் சேர்த்து, எந்த மூட்டில் எவ்வளவு பாரம் இறங்கும் என்று கணக்குப் போட்டார்கள். வேறு பளிங்குக் கற்களை உடைத்து, ஒட்டி, மறுபடி உடைத்துச் சோதித்தார்கள்.

பழைய நாளில் கல்லைத் துளைத்து இரும்புக் கம்பி செருகுவார்கள். இரும்பு துருப்பிடித்து உப்பும், கல்லையே பிளக்கும். வைத்தியமே வியாதியாகிவிடும்! இங்கே இரும்பே வேண்டாம் என்றார்கள். பாரம் தாங்கும் கணுக்கால்களிலும் இடது முழங்காலிலும் மட்டும் ஃபைபர்கிளாஸ் ஊசிகள். மற்ற இடங்களில் அக்ரிலிக் பசை. தேவைப்பட்டால் கரைத்து எடுத்துவிடக்கூடிய பசை அது. அது காயும்வரை துண்டுகள் நகராதிருக்க வெளியிலிருந்து வார்ப்பட்டைகளால் இறுக்கினார்கள். சிலையின் ஆளுயர நகல் ஒன்றைச் செய்து, அதில் ஒத்திகை பார்த்த பிறகே அசலில் கைவைத்தார்கள்.

2014 நவம்பரில் ஆதாம் மீண்டும் எழுந்து நின்றார். உற்றுப் பார்த்தாலொழிய வடு தெரியாது.

எனக்குப் பிடித்தது அந்தக் கரையக்கூடிய பசைதான். உடைந்தது தங்கள் பீடத்தால் என்று தெரிந்தவர்கள், "நாங்கள் செய்ததே முடிந்த முடிவு" என்று சொல்லவில்லை. நாளைக்கு நம்மைவிட விவரமானவர்கள் வருவார்கள், அவர்கள் பிரித்துத் திருத்த வழி இருக்கட்டும் என்று விட்டுவைத்தார்கள். செய்த தவற்றுக்கு அதைவிட நல்ல பிராயச்சித்தம் உண்டா?