சேர்வராயன் மலையும் பென்குயின் தேசமும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு பஸ் ஏறுகிறவர்கள் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டு போவார்கள். ரோட்டோரம் கறுத்து நிற்கிற பாறையை யாரும் சட்டை செய்வதில்லை. அதன் பெயர் சார்னக்கைட். பெயர் வந்த கதையே வேடிக்கை! கிழக்கிந்தியக் கம்பெனி ஏஜெண்ட் ஜோப் சார்னக் 1690-களில் கல்கத்தாவில் இறந்தார். (அந்த ஊரை நிறுவியவர் என்று அவரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். 2003-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்துவிட்டது.) கல்லறைக்குக் கல் போனது நம்ம சென்னைப் பக்கத்திலிருந்து. 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியல் நிபுணர் அந்தக் கல்லை ஆராய்ந்து, செத்தவர் பெயரையே அதற்குச் சூட்டினார். பல்லாவரம், சேர்வராயன், நீலகிரி எல்லாம் இந்தக் கல் ஜாதிதான்.

சரி, பென்குயின் எங்கே வந்தது என்கிறீர்களா? இதே கல் கிழக்கு அண்டார்க்டிகாவிலும் பனிக்கு மேலே தலைநீட்டிக்கொண்டிருக்கிறது. 1989-ல் இந்தியா 'மைத்ரி' ஆய்வு நிலையம் அமைத்தது அந்தப் பக்கம்தான். ஒரு காலத்தில் நம் தென்னிந்தியாவும் அதுவும் கோண்ட்வானா என்ற ஒரே பெருநிலத்தில் ஒட்டிக்கிடந்தன. சுமார் 13 கோடி வருஷங்களுக்கு முன் விரிசல் விழுந்து, நாம் வடக்கே நகர ஆரம்பித்தோம். கிடைத்திருக்கிற மிகப் பழைய பென்குயின் எலும்புகளோ, நியூசிலாந்தில், சுமார் 6 கோடி வருஷம் முந்தியவை. பாகம் பிரித்துக்கொண்டு நாம் கிளம்பி வெகுகாலம் கழித்துப் பெரிய வீட்டில் பிறந்த குழந்தை அது!

'பென்குயின்' என்ற பெயர்கூட அதனுடையது இல்லை. வட அட்லாண்டிக்கில் பறக்க முடியாத ஒரு கறுப்பு வெள்ளைப் பறவை இருந்தது. கிரேட் ஆக். அதைத்தான் மாலுமிகள் முதலில் அப்படிக் கூப்பிட்டார்கள். தெற்கே போனவர்கள் இதைப் பார்த்ததும் அதே பெயரை ஒட்டிவிட்டார்கள். இறைச்சிக்கும் இறகுக்குமாக அடித்தே தீர்த்ததில், அசல் பெயர்க்காரர் 1844-ல் ஐஸ்லாந்து பக்கம் முடிந்துபோனார்.

வாழ்த்து அட்டைகளில் பனிக்கரடியும் பென்குயினும் கைகோத்து நிற்கும். நிஜத்தில் கரடி வடதுருவவாசி, பென்குயின் தெற்கத்திக்காரர். ஜென்மத்துக்கும் சந்திப்பு கிடையாது. அதைவிட ஆச்சரியம், பென்குயின்களில் பல வகை பனிக்கட்டியையே பார்த்ததில்லை. பெரு, சிலியின் வறண்ட கடற்கரை, தென்னாப்பிரிக்கா, ஏன், பூமத்திய ரேகையில் கிடக்கிற கலாபகஸ் தீவுகள்... எல்லா இடத்திலும் குடியிருக்கின்றன. குளிர்ந்த நீரோட்டமும் அது கொண்டுவரும் மீனும் இருந்தால் போதும்.

மும்பை பைகுலா மிருகக்காட்சி சாலைக்கு 2016 ஜூலையில் தென்கொரியாவிலிருந்து எட்டு ஹம்போல்ட் பென்குயின்கள் வந்தன. ஏ.சி. அறை, மீன் சாப்பாடு எல்லாம் இருந்தும் அக்டோபரில் ஒன்று செத்துப்போனது. சண்டை, வழக்கு எல்லாம் நடந்தது.

சொந்த வீட்டிலாவது நிம்மதியா? எம்பரர் பென்குயின் முட்டையிடுவது கடல் மேல் உறைந்த பனியில். 2022-ல் பெல்லிங்ஸ்ஹவுசன் கடலில் அது சீக்கிரமே உடைந்தது. குஞ்சுகளுக்கு நீர் ஒட்டாத இறகு அப்போது முளைத்திருக்கவில்லை. அங்கிருந்த ஐந்து குடியிருப்புகளில் நான்கில் ஒரு குஞ்சுகூடப் பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்கிறார்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தவர்கள்.