சுடவா, பிடிக்கவா?

உத்தரவு வந்துவிட்டது. டி23 என்ற புலியைச் சுடலாம்.

சென்ற வாரம் இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்தி வைத்தேன். ஏழு நாள் பொறுத்தது போதும். வாருங்கள், நேராக நீலகிரியின் மசினகுடிக்கே போய்விடுவோம்.

மாடு மேய்க்கப் போன முதியவர் வீடு திரும்பவில்லை. டி23இன் கணக்கில் ஏறிய நான்காவது மனித உயிர் அவர். அதற்கு ஒரு வாரம் முன்புதான் கூடலூர் தேவன் எஸ்டேட்டில் ஒரு தொழிலாளி பலியாகியிருந்தார். ஊர் சாலையில் வந்து உட்கார்ந்துவிட்டது. புலியைக் கொல்லாமல் எழுந்திருக்க மாட்டோம் என்றது.

அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. கொழுந்து பறிக்கப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது. மாட்டை மேய்ச்சலுக்கு விடாவிட்டால் பால் கிடையாது. புதரில் புலி இருக்கிறது, வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று சொல்லிவிடுவது எளிது. அடுப்பு எரிய வேண்டாமா?

அன்றே, 2021 அக்டோபர் 1ஆம் தேதி, தலைமை வன உயிரினக் காப்பாளர் சேகர்குமார் நீரஜ் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கையெழுத்து சாதாரணமானது அல்ல. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, ஆளைக் கொல்லும் புலியை வேட்டையாட அனுமதிக்கும் அதிகாரத்தை மாநிலத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தருகிறது. அவருக்கும் கட்டுப்பாடு உண்டு. உயிரோடு பிடிக்க வழியில்லை, மயக்க ஊசிக்கு வழியில்லை, வேறிடத்துக்கு மாற்றவும் வழியில்லை என்று அவர் மனதார நம்ப வேண்டும். காரணத்தை எழுதி வைக்க வேண்டும்.

உண்மையிலேயே வழியில்லையா?

இந்தக் கேள்வி நீலகிரியிலிருந்து இறங்கி, நம் சென்னைக்கு வந்தது. பாரிமுனை உயர் நீதிமன்றத்தில் வழக்கு. தலைமை நீதிபதி சஞ்ஜிப் பானர்ஜியின் அமர்வு அக்டோபர் 5ஆம் தேதி சொன்னதன் சாரம் இதுதான்: உடனே கொல்ல வேண்டாம். அது ஆட்கொல்லியாக இல்லாமலும் இருக்கலாம். பெருங்கூட்டமாகக் காட்டுக்குள் போய் மற்ற புலிகளையும் கலைக்காதீர்கள்.

உயிரோடு பிடிப்பதுதான் எங்கள் நோக்கமும் என்றது வனத்துறை.

இதைப் படிக்கும்போது எனக்கும் முதலில் தோன்றியது, சென்னையில் உட்கார்ந்துகொண்டு இப்படிச் சொல்லிவிடலாம், மசினகுடியில் மாடு ஓட்டிப் போகிறவன் என்ன செய்வான் என்று. சென்னீர்குப்பத்தில் வாழும் நமக்குப் புலி என்றால் வண்டலூர்தான். வெளிவட்டச் சாலையைப் பிடித்தால் போய்ப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அந்தப் புலி நமக்கும் நம் பிள்ளைக்கும் நடுவே ஒருநாளும் நிற்காது.

ஆனாலும் நீதிமன்றம் கேட்டது சரியான கேள்வி. ஏன் என்று சொல்கிறேன்.

மசினகுடியை ஒட்டிய முதுமலைக் காட்டில் இருந்த புலிகள் நூறை ஒட்டி. அவற்றில் எது டி23? இரவில், டார்ச் வெளிச்சத்தில், புதருக்குள் இரண்டு கண்கள் மின்னுகின்றன. துப்பாக்கி வெடிக்கிறது. விழுந்தது வேறு புலி என்றால்? ஒரு பாவமும் அறியாத புலி செத்திருக்கும். கொன்ற புலி காட்டிலேயே இருக்கும். ஊரோ பயம் தீர்ந்தது என்று நம்பி, மறுநாள் காலையில் மாட்டை ஓட்டிக்கொண்டு கிளம்பியிருக்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து உண்டா?

புலியை அடையாளம் காண நம்பகமான வழி அதன் வரிகள். நம் கைரேகையைப் போல, ஒரு புலியின் வரி இன்னொன்றுக்கு வராது. ஒரே புலியின் இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட ஒன்றாக இருக்காது. அதனால்தான் காட்டுப் பாதையின் இருபுறமும் எதிரெதிராகத் தானியங்கி கேமராவைக் கட்டுகிறார்கள். டி23 என்ற எண்ணே அப்படி வந்ததுதான்.

சரி, இந்தப் புலி ஏன் ஊருக்குள் வந்தது? அதன் வயதைப் பாருங்கள். சுமார் 13.

காட்டில் ஓர் ஆண் புலிக்கு அது கிழப்பருவம். ஆண் புலி தன் எல்லைக்குள் இன்னோர் ஆணைப் பொறுக்காது. மரத்தில் நகத்தால் கீறும். மூத்திரத்தைப் பீய்ச்சி வேலி போடும். அந்த வேலியைக் காப்பாற்ற உடம்பில் வலு இருக்கும்வரைதான் அது ராஜா. இளம் ஆண் ஒன்று வந்து மோதும். கிழவன் தோற்பான். உள்காட்டை விட்டு ஓரத்துக்கு ஒதுங்குவான். கடமானைத் துரத்திப் பிடிக்கக் கால் ஒத்துழைக்காது. காட்டோரத்தில் மேயும் மாடோ ஓடத் தெரியாத இரை. மாட்டுக்குப் பின்னால் மனிதன் வருகிறான்.

தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 76 புலிகள். 2018இல் 264. நாம் பெருமைப்பட வேண்டிய எண், சந்தேகமே இல்லை. ஆனால் காடு மூன்றரை மடங்கு பெருகவில்லையே! புலியைக் காப்பாற்றியதில் நாம் ஜெயித்ததன் விலையை மசினகுடியும் கூடலூரும் கட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த ஊர்க்காரர்களைப் புலிக்கு எதிரிகள் என்று எழுதுபவர்களை என்னால் மன்னிக்க முடிவதில்லை.

தேடல் தொடர்ந்தது. தெப்பக்காடு முகாமிலிருந்து கும்கி யானைகள் உதயனும் சீனிவாசனும் வந்தார்கள். டிரோன்கள் பறந்தன. மோப்ப நாய் வந்தது. பரண் கட்டி இரவெல்லாம் விழித்திருந்தார்கள். மலையில் மழை. ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடி. இரண்டடி தள்ளிப் படுத்திருக்கும் புலிகூடக் கண்ணில் படாத அடர்த்தி.

தேவன் எஸ்டேட்டில் தேடினால் புலி மசினகுடிப் பக்கம் போயிருந்தது. மசினகுடிக்கு ஓடி வந்தால் காணவே காணோம். நாள்கணக்கில் எந்தக் கேமராவிலும் விழவில்லை.

செத்துவிட்டதா? எல்லை தாண்டி பந்திப்பூருக்குப் போய்விட்டதா?

இல்லை என்று தெரிந்தவர்கள் காட்டைப் படிக்கத் தெரிந்த பழங்குடித் தடம் காண்போர். மந்தி எங்கே கத்துகிறது, புள்ளிமான் எந்தத் திசையைப் பார்த்துக் குரல் கொடுக்கிறது, ஈர மண்ணில் தடத்தின் விளிம்பு இன்னும் சரியாமல் இருக்கிறதா என்று அவர்கள் பார்த்தார்கள். கையில் துப்பாக்கி இல்லை. காலில் நல்ல செருப்புகூட இல்லாதவர்கள் உண்டு. எல்லோருக்கும் முன்னால் நடந்தவர்கள் அவர்கள்தான். இந்தக் கதையில் என் வணக்கம் முதலில் அவர்களுக்கு.

அக்டோபர் 14. வியாழக்கிழமை. ஆயுத பூஜை.

அன்று நம் பக்கம் எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் மிஷினுக்கெல்லாம் சந்தனப் பொட்டு. பூந்தமல்லி சாலையில் உடைத்த பூசணிக்காய். வீட்டுக்கு வீடு பொரி, கடலை. அந்த இரவு பத்து மணி வாக்கில், நாம் தூங்கப் போன நேரத்தில், தெப்பக்காடு–மசினகுடி சாலையில் ஒரு புலி கண்ணில் பட்டது.

டி23!

இப்போது முடிவு எடுக்க வேண்டியவர்கள் கால்நடை மருத்துவர்கள். இருப்பதோ சில நொடிகள்.

இரவில் மயக்க ஊசி போடுவதை எந்த வன மருத்துவரும் விரும்ப மாட்டார். மயக்க ஊசி சினிமாவில் வருவதுபோல் வேலை செய்யாது. ஊசி தைத்ததும் புலி சுருண்டு விழாது. மருந்து ரத்தத்தில் ஏறச் சில நிமிடமாவது ஆகும். அதற்குள் அது பல நூறு மீட்டர் போய்விடும். எடையைக் கண்ணால் பார்த்துத்தான் அளவைக் கணக்கிட வேண்டும். மருந்து குறைந்தால் பாதி மயக்கத்தில் பாயும். கூடினால் மூச்சு நின்றுவிடும். ஊசி எலும்பில் பட்டால் வீண். தொடைச் சதையில் இறங்க வேண்டும். மயங்கும் நேரத்தில் ஓடையில் தலை குப்புற விழுந்தால், அரையடித் தண்ணீரே புலியைக் கொல்லும்.

விட்டுவிடலாமா? விட்டால் மறுபடி எப்போது சிக்கும்? அதற்குள் ஐந்தாவது ஆள் போய்விட்டால் யார் பதில் சொல்வது?

பின்னால் சாலையில் உட்கார்ந்த ஊர். மேலே நீதிமன்றம். எதிரே புலி.

சுட்டார்கள். தோட்டாவால் அல்ல, ஊசியால்.

பட்டது!

புலி நின்று பார்க்கவில்லை. ஒரே தாவல். உண்ணிப் புதர் அதை விழுங்கிக்கொண்டது.

தேடினார்கள். கிடைக்கவில்லை. இருட்டுக்குள் அரை மயக்கத்தில் கிடக்கும் புலியிடம் கால்நடையாகப் போவது உயிரோடு விளையாடுவது. போகாமல் இருந்தாலோ, அது எங்கே விழுந்தது, எப்படி விழுந்தது, மூச்சு விடுகிறதா என்று யாருக்கும் தெரியாது. மருந்தின் வேகம் சில மணி நேரம்தான். விடிவதற்குள் தெளிந்துவிட்டால், காயமும் கோபமும் கொண்ட கிழப்புலி ஒன்று ஊர் ஓரத்தில் எழுந்து நிற்கும்.

தெளியவே இல்லையென்றால், உயிரோடு பிடியுங்கள் என்ற உத்தரவுக்குப் பதிலாக ஒரு பிணத்தைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.

தேவன் எஸ்டேட் சாவுக்குப் பிறகு தொடங்கிய தேடலில் இருபது நாள் முடிந்து, 21ஆம் நாள் விஜயதசமியாக விடிந்தது. உதயனும் சீனிவாசனும் மறுபடி காட்டுக்குள் இறங்கினார்கள். அன்று பிற்பகல் இரண்டு மணியளவில், மசினகுடி அருகே கூட்டுப்பாறையில் புலி அகப்பட்டது. உயிரோடு அகப்பட்டதா? அடுத்த வாரம் சொல்கிறேன். அதுவரை ஒரே ஒரு வேண்டுகோள்: அந்த ஊசியைப் போட்டது சரியா, தவறா என்று உங்கள் வீட்டில் பேசி, ஒரு முடிவோடு வாருங்கள்.

(தொடரும்)