வதந்திக்கு ஒரு நீதி, கவிதைக்கு ஒரு நீதி

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, இலங்கையின் அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. கறியில் ஏதோ கட்டி கிடக்கிறது என்று சாப்பிட வந்த ஒருவர் சத்தம் போட, கும்பல் கூடிவிடுகிறது. சிங்களவரை மலடாக்கும் மாத்திரையைப் போட்டாயா என்று கடைக்காரரை நெருக்குகிறார்கள். சிங்களம் சரியாக விளங்காத அவர் தலையாட்டிவிடுகிறார். அதைக் கைபேசியில் பிடித்து பேஸ்புக்கில் ஏற்றினார்கள். அன்றிரவே பள்ளிவாசல் தாக்கப்பட்டது, கடைகள் உடைந்தன.

அந்தக் கட்டி வெறும் மாவு என்று அரச இரசாயனப் பகுப்பாய்வு பிறகு சொன்னது. மனிதரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை மருத்துவ உலகிலேயே கிடையாது. ஆனால் ஒரு வாரத்துக்குள் கண்டி மாவட்டத்தில், திகனையிலும் சுற்றுப்புறத்திலும், முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. மார்ச் 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம் வந்தது. மறுநாள் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் முடக்கப்பட்டன. வதந்தி பரப்பியவரின் வாயோடு, வளைகுடாவில் வேலை செய்யும் மகனோடு தினமும் பேசிய கல்முனைத் தாயின் வாயும் சேர்த்து மூடப்பட்டது. அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்தான்.

அம்பாறைப் பக்கத்துக்கு இது புதிதல்ல. 1956 ஜூனில், தனிச் சிங்களச் சட்டம் நாடாளுமன்றத்துக்கு வந்த நாட்களில், கல்லோயாக் குடியேற்றத் திட்டத்தில் தமிழர்கள் வேட்டையாடப்பட்டார்கள். மட்டக்களப்பில் ஒரு சிங்களப் பெண்ணைத் தமிழர்கள் கெடுத்து, தெருவில் நிர்வாணமாக நடத்திச் சென்றார்கள் என்ற கதை கொலையாளிகளை ஏவிவிட்டது. அப்படியொரு சம்பவம் நடக்கவேயில்லை. நூறுக்கு மேற்பட்டோர் செத்தார்கள் என்பதே பெரும்பாலான பதிவுகளின் கணக்கு. அம்பாறை அப்போது தனி மாவட்டம்கூட அல்ல. மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது 1961இல். அறுபத்திரண்டு வருடங்களுக்குப் பிறகு அதே மண்ணில், பெண்ணையும் பிள்ளைப்பேற்றையும் வைத்துக் கட்டிய இன்னொரு பொய் அதே வேலையைச் செய்தது. ஊர் ஊராய் வாய்வழி போன கதை, இப்போது கைபேசி வழி போனது.

இப்படிப்பட்ட பேச்சைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுரிமையைத் தருகிறது; 15ஆம் உறுப்புரை இன, மத நல்லிணக்கத்தின் பெயரில் அதற்கு வேலி போடுகிறது. 2007இல் நிறைவேறிய, குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் (ஐசிசிபிஆர்) சட்டத்தின் 3ஆம் பிரிவு, இன, மத வெறுப்பைத் தூண்டிப் பகைமைக்கும் வன்முறைக்கும் வழிசெய்வதைக் குற்றமாக்குகிறது. சிறுபான்மையினரைக் காக்க எழுதப்பட்ட பிரிவு அது.

அது யார்மீது பாய்ந்தது? 2020 ஏப்ரலில், சமூக ஊடகங்களில் எழுதிவந்த ரம்சி ராசிக் கைதானார். முஸ்லிம்கள் பேனாவையும் விசைப்பலகையையும் ஆயுதமாக்கிக் கருத்தால் போராட வேண்டும் என்று பேஸ்புக்கில் எழுதியதுதான் அவர் செய்தது. ஐந்து மாதம் சிறையில் இருந்தார். அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2023 நவம்பர் ஆயிற்று. மன்னாரைச் சேர்ந்த இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீமை 2020 மே மாதம் இன்னொரு சட்டத்தில், பயங்கரவாதத் தடைச் சட்டத்தில், பிடித்தார்கள். 2017இல் அவர் வெளியிட்ட ‘நவரசம்’ கவிதைத் தொகுப்பு தீவிரவாதத்தைப் பரப்புகிறதாம். அந்தத் தொகுப்பிலோ தீவிரவாதத்தைக் கண்டிக்கும் கவிதைகள் இருந்தன. தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் ஒரு மாலையில் கண்டுகொள்ளக்கூடிய இந்த உண்மைக்காக அவர் ஒன்றரை வருடத்துக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

கல்முனைக்குடிக்காரரான எம்.ஏ. நுஃமான், 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ‘புத்தரின் படுகொலை’யை எழுதினார். அதில் சுட்டுக் கொல்லப்படுபவர் புத்தரேதான். இன்றும் தொகுப்புகளில் அச்சாகும் கவிதை அது. ஒரு கவிதையை இப்படிக் கவிதையாகவே வாசிக்கத் தெரிந்த அதிகாரி ஒருவர் 2020இல் இருந்திருந்தால் அஹ்னாபின் கதை வேறாகியிருக்கும்.

பேச்சுரிமை என்றதும் எடுத்துக்காட்டப்படும் அமெரிக்காவும் ஒரே நாளில் அந்த நிலைக்கு வந்து சேரவில்லை. முதலாம் உலகப் போரின்போது, 1918இல், போருக்கு எதிராக ஓர் உரை நிகழ்த்தியதற்காக சோசலிசத் தலைவர் யூஜின் டெப்ஸுக்குப் பத்து வருடச் சிறை விதித்த நாடு அது. 1969இல் பிராண்டன்பர்க் வழக்கில்தான் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கோட்டைத் தெளிவாகப் போட்டது: உடனடியாக நடக்கப்போகும் சட்டமீறலைத் தூண்டும் நோக்கமும், அது உண்மையில் நடக்கக்கூடிய நிலைமையும் இரண்டும் இருந்தால் மட்டுமே பேச்சைத் தண்டிக்கலாம். அந்த வழக்கில் தப்பியவர் கு கிளக்ஸ் கிளான் தலைவர் ஒருவர் என்பது கசப்புத்தான். ஆனால் அந்த அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள். கூடிநிற்கும் கும்பலிடம் பள்ளிவாசலைக் காட்டிக் ‘கொளுத்து’ என்பவர் அகப்படுவார். கவிதைப் புத்தகம் ஒருபோதும் அகப்படாது.

கிழக்குக் கரையோர மக்கள் அந்த வித்தியாசத்தைத் தாங்களே நடந்து காட்டினார்கள். 2021 பெப்ரவரி 3ஆம் திகதி பொத்துவிலில் ஒரு பேரணி புறப்பட்டது. பல பொலிஸ் பிரிவுகளில் நீதிமன்றத் தடையுத்தரவுகள் இருந்தன. கொரோனாவில் மௌத்தான முஸ்லிம்களின் ஜனாஸாக்களைக் கட்டாயமாக எரிப்பதை நிறுத்து என்பதும் அதன் கோரிக்கைகளில் ஒன்று. அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் முஸ்லிம்கள் சேர்ந்துகொண்டார்கள். போர்க்காலத்தில் ஒருவரையொருவர் அஞ்சி வாழ்ந்த தமிழர், முஸ்லிம்கள் என்ற இரண்டு சமூகங்கள் ஒரே வீதியில் ஒரே கோஷம் போட்டன. ஐந்தாம் நாள் பேரணி யாழ்ப்பாணத்துப் பொலிகண்டியில் முடிந்தது. யாரும் எந்தக் கடையையும் உடைக்கவில்லை. பின்னர் பொலிஸ் விசாரணைக்கு அழைத்தது நடந்தவர்களைத்தான். அந்த மாதக் கடைசியில், ஜனாஸாக்களை அடக்கம் செய்ய அரசாங்கம் அனுமதி கொடுத்தது.

2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. எது பொய்க் கூற்று என்று முடிவுசெய்யும் அதிகாரம் அதில் ஓர் ஆணைக்குழுவிடம் இருக்கிறது. அம்பாறையில் நடந்ததைப் பார்த்தவர்கள் பொய்யைத் தடுக்கச் சட்டம் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் அந்தச் சட்டம் வன்முறை எவ்வளவு அருகில் நிற்கிறது என்பதை முதலில் அளக்க வேண்டும். யாருடைய வாய் என்று பார்க்கக் கூடாது. தமிழில் எழுதியதைத் தமிழ் தெரிந்தவர் வாசித்து முடிக்கும்வரை ஒரு கவிஞரையும் சிறையில் அடைக்கக் கூடாது. சட்டத்தைத் திருத்த உட்காருபவர்களிடம் இந்த இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.