மலையடிவாரத்தில் ஒரு மௌனம்

கடவுளுக்கு இடம் எங்கே என்று கேட்டால் கட்டடங்களைச் சுட்டுவது நம் வழக்கம். ஒரு குழந்தையின் நாளில் அவருக்கு இடம் எங்கே என்று கேட்டால் விடை அத்தனை எளிதன்று. விடிந்தால் பாடம், பகலெல்லாம் பள்ளி, மாலையில் தனிப்பயிற்சி, இரவில் வீட்டுப்பாடம். இடையில் பள்ளி வாழ்த்துப் பாடல் ஒன்று வரும். அதுவும் வரிசையில் நின்று முடிக்க வேண்டிய வேலையாகவே வரும். பிள்ளைகளின் நாளில் எதையும் நிரப்பாமல் விடுவதே குற்றம் என்று நாம் எண்ணப் பழகிவிட்டோம்.

நாளுக்குள் இடம் ஒழித்து வைப்பதையே வழிபாடாகக் கொண்ட சிறு கூட்டம் ஒன்று உலகில் உண்டு. நண்பர்கள் சபையினர் என்றும் குவேக்கர்கள் என்றும் அவர்களை அழைப்பர். அவர்கள் வழி தமிழ்நாட்டில் எவ்வாறு அறிமுகமானது, அதற்கு உறவான ஒரு முயற்சி ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் எவ்வாறு வேர்பிடித்தது, அவை நம் வகுப்பறைகளுக்கு என்ன சொல்கின்றன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இக்கருத்து நமக்குப் புதிதன்று. காஞ்சியில் பல்லவ மன்னன் கற்றளி எடுத்தபோது, திருநின்றவூரில் பொருளற்ற பூசலார் தம் மனத்துக்குள்ளேயே கோயில் ஒன்றை எழுப்பினார் என்பது பெரியபுராணம் சொல்லும் கதை. இரண்டு கோயில்களுக்கும் குடமுழுக்கு ஒரே நாளில் அமைய, மன்னன் நாளை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. மனக்கோயிலுக்கே முதலிடம் என்று கண்ட மரபு நம்முடையது.

குவேக்கர்களும் குழந்தைகளும்

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரைச் சுற்றி எழுந்த இயக்கம் இது. 1652-இல் அவர் பெண்டில் என்னும் குன்றின்மேல் ஏறி நின்றபோது, திரளவிருக்கும் ஒரு பெரும் மக்கள் கூட்டத்தை அகக்கண்ணால் கண்டதாகக் கூறுவர். ஒவ்வொரு மனிதரின் உள்ளும் இறைவனின் கூறு ஒன்று உண்டு என்பது அவர்களின் அடிப்படை. ஆகவே பழைய முறையில் கூடும் குவேக்கர் கூட்டத்தில் குருமார் இல்லை, பலிபீடம் இல்லை, பாட்டும் இல்லை. அனைவரும் அமைதியாக அமர்வர். உள்ளிருந்து ஏவப்பட்டவர் எழுந்து சில சொற்கள் பேசுவார்; மீண்டும் மௌனம் சூழும்.

எந்த நாளும் மற்றொரு நாளைவிடப் புனிதமானதன்று என்று கருதிப் பெருநாள்களைக்கூட அவர்கள் கொண்டாடாதிருந்தனர். இதனால் சாதாரண நாளின் மதிப்பு உயர்ந்தது. உணவுக்கு முன் மேசையைச் சுற்றி ஒரு சிறு மௌனம். அதுவே அவர்கள் இல்லங்களின் வழிபாடு. குழந்தைகள் பெரியவர்களின் கூட்டத்தில் பத்து, பதினைந்து நிமிடங்கள் மட்டும் அமர்வர். எஞ்சிய நேரம் தனியறையில் கதையும் ஓவியமும் கைவேலையும் நடக்கும். மனப்பாடம் செய்ய வேண்டிய வினாவிடைகளைக் காட்டிலும், தானே எண்ணிப் பார்க்க வேண்டிய வினாக்களுக்கே அங்கு மதிப்பு.

இங்கே ஓர் ஐயம் எழலாம். நம் பள்ளிகளிலும் மௌனம் உண்டே? உண்டு, ஆனால் அது கைகட்டி வாய்பொத்தி நிற்கும் மௌனம். ஒருவர் பேச, மற்றவர் அஞ்சிக் கேட்கும் மௌனம். குவேக்கர் கூட்டத்திலோ பெரியவரும் சேர்ந்தே மௌனம் காக்கிறார். குழந்தை எழுந்து பேசினாலும் அதே கவனத்துடன் கேட்கிறார். இரண்டும் ஓசையற்றவை என்பதால் ஒன்றாகிவிடா.

சென்னைக்கு வந்த ஆசிரியை

இந்தியாவுக்குக் குவேக்கர்கள் வந்தது 1866-இல் ரேச்சல் மெட்காஃப் என்னும் பெண்மணி வழியாக. பின்னர் மத்திய இந்தியாவின் ஹோஷங்காபாத் பகுதி அவர்களின் களமாயிற்று. தமிழகத்தோடு நெருங்கிய உறவு கொண்டவர் மார்ஜரி சைக்ஸ். 1905-இல் இங்கிலாந்தில் பிறந்து, கேம்பிரிட்ஜில் பயின்று, 1928-இல் சென்னை பென்டிங்க் பெண்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்தார். தமிழ் கற்றார், காந்தியத்தில் ஈடுபட்டார், குவேக்கர் சபையில் இணைந்தார். பின்னர் சாந்திநிகேதனில் பணியாற்றி, வங்கமொழியும் கற்றுத் தாகூரின் படைப்புகளை மொழிபெயர்த்தார்.

அங்கிருந்து அவர் சென்ற இடம் சேவாகிராமம். 1937-இல் வார்தாவில் நடந்த மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியை அங்கே நடத்திவந்தவர்கள் ஆரியநாயகமும் அவர் துணைவியார் ஆஷாதேவியும். ஆரியநாயகம் ஈழத்தமிழர் என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். நூற்றலும் பயிரிடலும் துப்புரவும் அக்கல்வியில் பாடத்தின் ஊடகங்களே. திங்கட்கிழமைகளில் மௌனம் காத்த காந்தியடிகள், நூற்பதை வேள்வி என்றார். கையிலுள்ள வேலையில் முழுக் கவனம் வைத்திருக்கும் குழந்தை, கடவுளுக்கென வேறொரு மணிநேரத்தைத் தேட வேண்டியதில்லை. குவேக்கர் மரபும் காந்திய மரபும் இவ்விடத்தில் கைகோத்தன. சைக்ஸ் அக்கல்வியின் வரலாற்றைப் பின்னாளில் நூலாகவே எழுதினார். நீலகிரியில் கோத்தகிரியிலும் பல்லாண்டு வாழ்ந்த அவர் 1995-இல் மறைந்தார்.

திருப்பத்தூர்ப் பெரியண்ணனும் சின்னண்ணனும்

சைக்ஸ் சென்னையில் கால்வைப்பதற்கு ஏழாண்டுகள் முன்னரே, ஜவ்வாது மலைக்கு மேற்கே திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் தோன்றிவிட்டது. சவரிராயன் ஜேசுதாசன் என்னும் தமிழரும் எர்னெஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன் என்னும் ஸ்காட்லாந்துக்காரரும் 1921-இல் அதை நிறுவினர். இருவரும் மருத்துவர்கள், மணம் செய்துகொள்ளாதவர்கள், கதர் அணிந்தவர்கள். இது குவேக்கர் நிறுவனம் அன்று. ஆயினும் எளிமை, அமைதி, சமத்துவம் ஆகியவற்றை அன்றாட வாழ்வில் காட்ட முயன்றதால் அதற்கு உறவினர் என்கிறோம்.

ஒப்புமை ஒன்றைச் சுட்ட வேண்டும். பழைய குவேக்கர்கள் மேலோருக்குத் தொப்பியைக் கழற்ற மறுத்தனர். நீதிபதியையும் 'நீ' என்றே விளித்தனர். அதற்காகச் சிறையும் கண்டனர். படிநிலையை மொழியிலிருந்து அகற்ற அவர்கள் கண்ட வழி அது. திருப்பத்தூரில் இச்சிக்கலுக்குத் தமிழே தீர்வு தந்தது. ஜேசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். மரியாதையும் குறையவில்லை, துரைத்தனமும் எஞ்சவில்லை. தன்னை ஆளும் இனத்தைச் சேர்ந்த ஒருவரை ஒரு சிற்றூர்ச் சிறுவன் 'அண்ணன்' என்று அழைக்க முடிந்ததே ஒரு சமயக் கல்விதான்.

அந்த உறவுச்சொல் வெறும் அலங்காரமன்று என்பதை 1932 காட்டியது. சென்னையில் அந்நியத் துணிக்கடைகள் முன்பு மறியல் நடந்த நாள்களில், கதருடையில் நின்ற பேட்டனைக் காவலர் அடித்தனர். செய்தி பிரிட்டிஷ் நாடாளுமன்றம்வரை சென்றது.

ஆசிரமத்தின் செபாலயம் திராவிடக் கோயில் அமைப்பில் கோபுரத்துடன் எழுந்தது. தரையில் அமர்ந்து வழிபடும் இடம் அது. அயல்நாட்டுக் கூரையையும் நீள்பலகைகளையும் கண்டு ஒதுங்கி நிற்கும் பிள்ளைக்கும், தான் அறிந்த வடிவில் ஓர் இடம் அங்கே இருந்தது. குழந்தை ஏற்கெனவே பெற்றிருக்கும் இடத்தை மதித்துத் தொடங்க வேண்டும் என்பதே அதன் பாடம்.

மலை தரும் வினா

இப்பாடத்தை மலைமீதும் பொருத்திப் பார்க்கலாம். ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்னும் வழிவழிக் கதையை உடையவர்கள். சாமை விளையும் கொல்லை, மரத்தடித் தெய்வம், வழியோரக் கல் என்று கடவுளின் இடங்கள் அங்கே அன்றாடப் பாதையிலேயே உள்ளன. மலையை அடுத்த செங்கம் பகுதியின் நடுகற்கள் 1972-இல் இரா. நாகசாமியின் பதிப்பாக வெளிவந்ததை வாசகர்கள் அறிவர். அப்பகுதியின் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று, கருந்தேவக்கத்தி என்னும் வீரனோடு கோவிவன் என்னும் நாயையும் நினைவுகூர்கிறது. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற நாய் அது. நன்றியுணர்வு என்பதைக் குழந்தைக்கு விளக்க இதைவிடச் சிறந்த பாடம் எந்நூலில் உண்டு?

அம்மலையிலிருந்து இறங்கி உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் வரும் பிள்ளைகளிடம், 'உங்கள் நாளில் எது புனிதமானது?' என்று நாம் கேட்பதில்லை. நம் வாழ்த்துப் பாடலைக் கற்பிக்கிறோம். அவர்கள் கொண்டுவந்த மௌனத்தைக் கூச்சம் என்றோ மந்தம் என்றோ குறித்துக்கொள்கிறோம். இழப்பு அவர்களுக்கு மட்டுமன்று.

அதே மலையின் காவலூரில், இருண்ட தெளிந்த வானம் உண்டு என்பதற்காகவே வைணு பாப்பு 1968-இல் தொலைநோக்கியை நிறுவினார். 1977-இல் யுரேனஸ் கோளின் வளையங்கள் கண்டறியப்பட்ட நிகழ்வில் அந்த ஆய்வகத்துக்கும் பங்குண்டு. விண்மீனைக் காண இருளைப் பாதுகாக்க வேண்டும் என்பதை அறிவியலார் அறிவர். குழந்தையின் நாளிலும் அப்படிக் காக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு.

அதற்குப் புதிய பாடத்திட்டம் வேண்டா. ஆசிரியரும் மாணவருடன் சேர்ந்து வாய்மூடியிருக்கும் ஐந்து நிமிடம் போதும். அதன்பின் விடை எதிர்பாராத ஒரு வினா. யார் பேசினாலும் குறுக்கிடாமல் கேட்கும் செவி. கடவுளை நம்பாத பெற்றோரும் இதை மறுக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறோம். அவ்விடத்தில் யார் வந்து அமர்வார் என்பதைக் குழந்தையே கண்டுகொள்ளட்டும். இடம் ஒழித்துத் தருவது மட்டுமே நம் கடன்.