பனியில் எழுதிய கணக்கு

பிரிட்டிஷ் அன்டார்க்டிக் ஆய்வுக் கழகம் விஞ்ஞான ஆர்வத்தால் மட்டும் பிறந்ததன்று. உலகப் போரின் நடுவே, 1944-இல், தென்துருவ நிலத்தின்மீது தன் உரிமையை நிலைநாட்டவே பிரிட்டன் 'டாபரின்' என்னும் மறைபெயரில் சிறு குழுவொன்றை அங்கே குடியமர்த்திற்று. கொடி நாட்டப் போனவர்கள் குறிப்பேட்டையும் உடன் கொண்டுபோனார்களே, அதைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். இன்றைய பெயர் 1962-இல் வந்தது.

மிதக்கும் பனித்தட்டின்மீது 1956-இல் எழுந்தது ஹாலி நிலையம். அதன் பழைய கட்டடங்கள் பனியில் புதையுண்டன. அளவை மட்டும் நிற்கவில்லை. கதிரவன் ஒளியிலுள்ள இருவகைப் புறஊதாக் கதிர்களின் வலிமையை டாப்சன் கருவியால் ஒப்பிட்டு, மேலே ஓசோன் எவ்வளவு உள்ளதெனக் குறிப்பார்கள். ஆண்டுதோறும் இதே வேலை; சலிப்பூட்டும் வேலைதான்!

அக்குறிப்புகளை ஆராய்ந்த ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும், வசந்தகால ஓசோன் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டதென 1985-இல் அறிவித்தனர். உயிர்களைக் காக்கும் குடையில் துளை! குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன்களே காரணமென ஐயுற்றனர். ஆய்வுகள் அதை மெய்ப்பித்தன. அவற்றைக் கட்டுப்படுத்த 1987-இல் மான்ட்ரியலில் உடன்படிக்கை பிறந்தது.

பனிப்பிளவுக்கு அஞ்சி, 2017-இல் ஹாலியின் குளிர்காலக் குடியிருப்பு நிறுத்தப்பட்டது. பின்னர் தானியங்கிக் கருவிகள் அளக்கும் பணியை ஏற்றன.